ஞாயிற்றுக்கிழமை வண்டி

இருதயநாதன் பொதுப்பணித் துறையில் வரைவாளர். மதகு, தரைப்பாலம், வாய்க்கால் கரை என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சாய்வு மேசையில் குனிந்து நேர்கோடுகளாகவே போட்டு வந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். வெற்றிலைகூடப் போடாதவர். மேட்டுப்பட்டியில் ஒரு சின்ன வீடு, திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரே மகள் ஜீவிதா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை, சாயங்காலம் ஒரு தம்ளர் காபி. இவ்வளவுதான் அவர் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். “இவுகளுக்கு எது மேலயும் ஆசையே கெடையாது” என்று அவர் மனைவி ஆனந்தமேரி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அதில் பாதி பெருமை, பாதி குறை.

ஆனந்தமேரி சின்னாளபட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். தொண்ணூற்று மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் அவளுக்கு வலது முட்டி வீங்கத் தொடங்கியது. மருந்து சாப்பிட்டால் வடியும், விட்டால் ஏறும். நடப்பதுகூடப் பரவாயில்லை, பஸ் படியில் கால் தூக்கி வைக்கும்போதுதான் உயிர் போகும். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் ஏறிவிட வேண்டுமே என்று இடது காலில் தொற்றி ஏறி, உள்ளே போய் மூச்சு வாங்குவாள். ஒருநாள் அவளை வழியனுப்பப் போன இருதயநாதன் அதைக் கண்ணால் பார்த்தார். வீட்டுக்கு வந்து, “மேரி, நாம ஒரு கார் வாங்கிருவோம்” என்றார். அவருடைய வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஆனந்தமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பழனி ரோட்டில் ஒரு பல் டாக்டர் தன்னுடைய வெள்ளை மாருதியைக் கொடுக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். ஆனந்தமேரி முன்சீட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள். “முட்டி மடங்குது, வலிக்கல” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு வேலையாக இருதயநாதன் பேகம்பூர் போனார். அங்கே ஒரு பழைய கட்டிடத்தை அளக்க வேண்டியிருந்தது. வெயில் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரம்மா ஜெய்தூன் பீவி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து குடித்துவிட்டுத் தலையை இறக்கியபோது, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் ஒரு கார் நிற்பது தெரிந்தது.

மோரிஸ் மைனர். ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. மேலே போட்டிருந்த படுதா ஒரு பக்கம் நழுவி, முன்பக்க மட்கார்டு மட்டும் வெளியே தெரிந்தது. மங்கிய பச்சை. விளக்கில் தொடங்கி, உருண்டு, கதவு வரைக்கும் வந்து தணிகிற அந்த வளைவை இருதயநாதன் பார்த்தார். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட கோடு. எத்தனை மதகு வரைந்திருப்பார், இப்படி ஒரு கோட்டை ஒருநாளும் அவர் போட்டதில்லை, போடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

“தொட்டுப் பாக்கலாமாம்மா?”

“பாருங்க தம்பி. அவுக மௌத்தான பெறகு யாரும் தொடல.”

ஜெய்தூன் பீவியின் இறந்துபோன கணவர் தோல் வியாபாரி. மதராசில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜரிடமிருந்து வாங்கி வந்தாராம். மகன்கள் இரண்டு பேரும் துபாயில் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த வண்டியில் ஈடுபாடு இல்லை.

“கொடுக்குற எண்ணம் இருக்கா?”

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, கொடுக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. அவுக இத ஓட்டுன நேரத்தவிட இதுக்குக் கீழ படுத்துக் கெடந்த நேரந்தான் சாஸ்தி. ஜும்மாவுக்குப் போறப்பகூட நகக்கண்ணுல கிரீசு இருக்கும். நீங்க எதுக்குக் கேக்குறீக?”

“தெனம் ஓட்டத்தான்.”

“தெனமா?” என்று கேட்டுவிட்டு அந்தம்மா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார்.

அந்தம்மா எச்சரிக்கையாகச் சொன்னது இருதயநாதன் காதில் பாராட்டாக விழுந்தது. ஒரு மனிதன் இத்தனை வருடம் ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட வண்டியாக இருக்க வேண்டும்! அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் பேகம்பூர் போனார். அளவு சரிபார்க்க என்று ஆபீசில் சொன்னார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து இரும்பு, லாரி மோதினாலும் அசையாது. எஞ்சின் எளிமையானது, யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். மேரிக்கும் சீட் மெத்தென்று இருக்கும். ஒவ்வொரு வாதத்திலும் மேரியின் பெயர் வரும்படி பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில், “டாக்டர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆனந்தமேரி மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். பதினொரு மணிக்குத் தெருமுனையில் திரும்பி வந்தது வெள்ளைக் கார் இல்லை.

அவள் கோபப்படவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். கதவு இரண்டுதான் இருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். தாழ்வான சீட், முட்டியை மடக்கி உட்காரும்போது உதட்டைக் கடித்தாள். அவர் அதைக் கவனித்தார். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

“ஏங்க, இது தெனம் ஓடுமா?”

“நாப்பது வருசமா இருக்கே மேரி.”

“இருக்கு. ஓடுமான்னு கேட்டேன்.”

மல்லிகைச் சரத்தை அவளே கண்ணாடியில் கட்டினாள்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. சாவியைத் திருகினால் பெட்ரோல் பம்பு டிக் டிக் டிக்கென்று தட்டும். அது நின்றதும் ஸ்டார்ட்டரை இழுத்தால் வண்டி செருமிக்கொண்டு கிளம்பும். காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து ஆபீஸ் போவார். தோமையார்புரம் தாண்டியதும் சிறுமலை மேல் மேகம் இறங்கியிருக்கும். திரும்பும் பக்கத்தைக் காட்ட இந்த வண்டியில் விளக்கு கிடையாது. கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தகரக் கை நீளும். ஒருநாள் பேகம்பூரில் அந்தக் கை வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுகொண்டது. டிராபிக் போலீஸ்காரர் அதற்குக் கையாட்டினார். ஆனந்தமேரி வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பை நம்பியே இருதயநாதன் பின்னால் எவ்வளவோ செய்தார்.

சித்திரை வெயிலில் வண்டி படுக்க ஆரம்பித்தது. சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும், எஞ்சினுக்குப் போய்ச் சேராது. ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஆறும் வரைக்கும் நிற்க வேண்டும். அப்புறம் பம்பு தட்டாமல் நின்றுபோகும். ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால் உயிர் வரும், சில நாள் வராது. பிரேக் எண்ணெய் காலடியில் கசிந்தது. சாமான் கோயம்புத்தூரிலிருந்தோ மெட்ராசிலிருந்தோ வர வேண்டும். வந்தால் அளவு ஒத்துவராது, கடைசல் பட்டறையில் கொடுத்துத் தேய்க்க வேண்டும்.

நாகல் நகரில் சோலைமலை என்று ஒரு மெக்கானிக் இருந்தார். இருதயநாதன் அவரிடமே குடியிருந்தார் என்று சொல்லலாம். ஆபீஸ் விட்டால் பட்டறை, பட்டறை விட்டால் வீடு. சோலைமலையே ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னார்.

“சார், நான் சொல்றேன்னு வருத்தப்படாதீக. இது ஞாயித்துக்கெழம வண்டி. தொடச்சு வச்சு, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து நிறுத்தணும். நீங்க இத திங்கக்கெழமையும் ஓட்டுறீக, செவ்வாக்கெழமையும் ஓட்டுறீக. அது என்ன செய்யும் பாவம்.”

“சரியா செஞ்சு வச்சுட்டா ஓடுமில்ல?”

“அப்பவும் வயசு கொறையாதுல்ல சார்.”

வண்டி நிற்கும் நாட்களில் ஆனந்தமேரி இறங்க மாட்டாள். இறங்கி ஏறுவதுதான் அவளுக்குச் சிரமம். அவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே குனிந்திருப்பார். அவள் மடியில் நோட்டுக் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருப்பாள். மாருதிகளும் அம்பாசிடர்களும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியின் ஸ்கூட்டர் கடந்து போகும். “செத்த நேரந்தான் மேரி, செத்த நேரந்தான்” என்று பானெட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வரும். பள்ளியில் தாமத வருகை கூடிக்கொண்டே போனது. தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். ஆனந்தமேரி வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

தொண்ணூற்றாறு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவளுக்குக் கண்காணிப்பாளர் வேலை. பாதி வழியில் வண்டி நின்றது. பம்பும் தட்டவில்லை, ஹேண்டில் போட்டுச் சுற்றியும் பயனில்லை. அவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு சுற்றுகிறார், சுற்றுகிறார். ஆனந்தமேரி கதவைத் திறந்து தானாக இறங்கினாள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மினி லாரியைக் கை காட்டி நிறுத்தினாள். டிரைவரும் கிளீனரும் ஆளுக்கொரு கை கொடுத்து அவளை மேலே தூக்கினார்கள். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் ஏறினாள். லாரி கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து முக்கியமான நாட்களில் பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பரீட்சை நாள், இன்ஸ்பெக்ஷன் நாள் என்று தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நாளும் முக்கியமான நாளாகிவிட்டது. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் அவருக்கு உறைத்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. காலையில் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, “வாரேங்க” என்று கிளம்பிப் போய்விடுவாள். அவள் முட்டிக்காக வாங்கிய கார், கூப்பிடு தூரத்திலிருந்த ஆபீசுக்கு இவரை மட்டும் சுமந்துகொண்டு போய் வந்தது. தெருவில் அதைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டாதவர்கள் இல்லை. ஒரு மாதம் நிற்காமல் ஓடட்டும், அப்புறம் மேரியை மறுபடி கூப்பிடுவோம் என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்த ஒரு மாதம் வந்து சேரவே இல்லை.

செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த ஜீவிதா, அம்மா பஸ்ஸுக்கு நடந்து போவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவர் வண்டிக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஒண்ணு கேக்குறேன். இத அம்மாவுக்கு வாங்குனீங்களா, ஒங்களுக்கு வாங்குனீங்களா?”

“ரெண்டு பேருக்குந்தாம்மா.”

“அம்மா இதுல ஏறி எத்தன நாளாச்சு?”

அவர் துணியை மடித்து வேறொரு இடத்தில் தேய்க்கத் தொடங்கினார். ஜீவிதா உள்ளே போய்விட்டாள்.

இதிலிருந்து தப்பிக்க அவருக்கு ஒரு வாசலும் திறந்தது. தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் பழனியிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் வந்தார். லாட்ஜ் முகப்பில் கண்ணாடி அறை கட்டி உள்ளே நிறுத்தப் போவதாகச் சொன்னார். “ஏனுங்க, நானு இத ஓட்டப் போறதில்லீங்க. பார்வைக்கு வெக்கப் போறேனுங்க. பூவாட்டம் வெச்சுக்குவேனுங்க” என்றார். இருதயநாதன் சரி என்றார். உடம்பே லேசான மாதிரி இருந்தது. அடுத்த வாரம் லாட்ஜ்காரர் ஆள் அனுப்புவதாகப் பேச்சு. கடைசியாக ஒருமுறை என்று அவர் வத்தலக்குண்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. குளிர்ந்த காற்று. வண்டி தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. ஒரு இருமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்குள் எஞ்சின் பூனை மாதிரி முனகியது. ஒரு பாலத்தின் மேல் நிறுத்தி இறங்கி, அந்த மட்கார்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்ததும் பழனிக்குப் போன் போட்டு, கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுப்படியிலிருந்து ஆனந்தமேரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரவுச் சாப்பாட்டில் வெஞ்சனத்தை வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, எழுந்து போய்விட்டாள்.

கார்த்திகை மாதம். விடிந்ததிலிருந்து தூறல். அன்று வண்டி நல்ல நிலையில் இருந்தது. ஒரே இழுப்பில் கிளம்பியது. ஆனந்தமேரி குடையை விரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து அவர், “மழையா இருக்கே. வாயேன், கொண்டுபோய் விடுறேன்” என்றார்.

“வேணாங்க. இன்னைக்கு ரிவிஷன் டெஸ்டு. நேரத்துக்குப் போகணும்.”

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அவர் காரில் ஆபீஸ் போய்ச் சேர்ந்தார். வழியில் வண்டி ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. காபி குடித்துவிட்டு மேசையில் தாளை விரிக்கும்போது போன் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஈரப்படியில் முட்டி மடங்கி ஆனந்தமேரி ரோட்டில் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பஸ்ஸில் வந்த ஜனங்களே ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

இருதயநாதன் அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வைப்பர் அசைந்துகொண்டிருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. ரோட்டில் எங்காவது நின்றுவிடு என்று முதல்முறையாக அவர் அதைக் கேட்டுக்கொண்டார். அது நிற்கவில்லை.

எலும்பில் தகடு வைத்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை, அப்புறம் வாக்கர். அதற்குப் பிறகு அவளால் தாழ்வான சீட்டில் உட்கார முடியவில்லை. இடுப்பை அந்த அளவுக்கு மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் வாடகைக்கு அம்பாசிடர் வரும். அது வாசலில் வந்து நிற்பதற்காக அவர் மோரிசைத் தள்ளி ஓரமாக நிறுத்துவார். வேலைக்குத் திரும்பிப் போக முடியாது என்றானதும் அவள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். பள்ளியிலிருந்து பிள்ளைகள் கும்பலாக வந்து பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே இருதயநாதன் சொன்னார். “தப்புப் பண்ணிட்டேன் மேரி. அன்னைக்கு டாக்டர் வண்டிய எடுத்திருக்கணும்.”

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “அத வாங்குனதுக்கு நான் வருத்தப்படல. வாழ்க்கையில ஒண்ணு மேலயாவது ஆசப்பட்டீகளேன்னுதான் இருந்தேன். வழியில நின்னதுகூட எனக்குக் கஷ்டமில்ல. ஒவ்வொரு தடவ நிக்கிறப்பவும் இறங்கிப் போயி மொதல்ல அதுகிட்டத்தான் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ன்னு கேப்பீக. ஒரு தடவயாச்சும் எம் பக்கம் திரும்புவீகன்னு பாப்பேன்.”

அவர் கை அப்படியே நின்றது. இல்லை என்று சொல்ல ஒரு நாளையாவது தேடினார். பானெட்டின் உள்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஒயரும், ஒவ்வொரு குழாயும் கண்ணை மூடினால் தெரிந்தன. முன்சீட்டில் அவள் என்ன சேலை கட்டியிருந்தாள், குடிக்கத் தண்ணீர் இருந்ததா, வெயில் எந்தப் பக்கம் அடித்தது, ஒன்றுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வண்டியை எடுக்கவில்லை. டயரில் காற்று இறங்கியது. பழனி லாட்ஜ்காரரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் வேறொரு பழைய வண்டியை வாங்கி நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இரண்டாயிரத்து ஒன்றில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து கேட்டார். பழைய கார்களைச் சேர்ப்பவர். கேட்ட விலைக்கே இருதயநாதன் கொடுத்தார். லாரியில் பலகை சாய்த்து, கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. “ஏன் சார் குடுத்துட்டீக, எம்புட்டு அழகான வண்டி” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

உள்ளே வந்தபோது ஆனந்தமேரி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள்.

“போயிருச்சா?”

“போயிருச்சு.”

“கேட்டச் சாத்திட்டு வாங்க. மாடு வந்து செடியத் தின்னுரும்.”

அந்த வருடக் கடைசியில் ஒரு மாருதி வாங்கினார். வெள்ளை நிறந்தான். சாவியைத் திருகினால் ஓடியது, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆனால் அவளுக்குப் போக வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை கோயில். முன்சீட்டில் காலை நீட்ட முடியாது என்று பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வாள். இருதயநாதன் மெதுவாக ஓட்டுவார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, “என்ன மேரி, வலிக்குதா? தண்ணி வேணுமா?” என்று கேட்பார்.

“ஒண்ணும் வேணாங்க” என்பாள். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும்.